எண்ணெய் தெளிப்பு: இலையின் அடிப்பக்கம் நனைந்தால்தான் வேலை

செம்பருத்தியின் நுனிக் கொழுந்துகள் சுருண்டு, கொத்தாக முறுக்கிக்கொண்டு நின்றன. விரலால் பிரித்தால் உள்ளே வெள்ளைப் பஞ்சு. எலுமிச்சைக் கிளைகளில் பழுப்பு மேடுகள். அவற்றுக்குக் கீழே இருந்த இலைகளில் கறுப்புப் படலம். ரோஜாவின் புதுத் துளிரில் வெண்சாம்பல். கத்தரி இலைகளின் மேற்பரப்பு பொடிப்பொடியாக வெளிறிக் கிடந்தது. மாவுப்பூச்சி, செதில் பூச்சி, சாம்பல் நோய், சிலந்திப்பூச்சி. நான்கு செடிக்கும் நான்கு மருந்து தேடாமல், எல்லாவற்றுக்கும் எண்ணெயை வைத்தே வேலை பார்ப்பது என்று முடிவு செய்தேன். என்ன கலந்தேன், எப்படித் தெளித்தேன், எது கேட்டது, எது கேட்கவில்லை என்பதெல்லாம் இந்தப் பதிவில் இருக்கிறது.

எண்ணெய் என்ன செய்கிறது என்று முதலில் புரிந்துகொண்டால் பின்னால் வரும் எல்லாமே எளிதாகிவிடும். பூச்சிகள் உடம்பின் பக்கவாட்டில் உள்ள நுண்துளைகள் வழியாக மூச்சு விடுகின்றன. எண்ணெய்ப் படலம் அந்தத் துளைகளை அடைத்துவிடும். முட்டைக்கும் ஓட்டின் வழியே காற்று போக வேண்டும். அதன்மேல் படலம் படிந்தால் உள்ளே இருக்கும் கரு வளராது. மென்மையான உடம்புள்ள பூச்சிகளின் மெழுகுப் பூச்சையும், உயிரணுக்களின் சவ்வையும் எண்ணெய் சிதைக்கும். பூசணமாக இருந்தால், இலைமேல் படர்ந்திருக்கும் இழைகளையும் வித்துகளையும் அழிக்கும். இவ்வளவும் நடக்க ஒரே நிபந்தனைதான்: எண்ணெய் அதைத் தொட வேண்டும். தொடாத பூச்சி பிழைத்துக்கொள்ளும். படலம் காய்ந்தபிறகு வந்து உட்காரும் பூச்சிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. செடிக்குள் ஊடுருவிப் போய்ச் சேரும் மருந்துகளோடு பழகியவர்கள், இதையும் மேலாக நாலு தடவை அடித்துவிட்டு, ‘வேப்பெண்ணெய் அடித்தேன், ஒன்றும் கேட்கவில்லை’ என்பார்கள். பெரும்பாலும் குறை எண்ணெயில் இருக்காது. அது போய்ச் சேராத இடத்தில் இருக்கும்.

காய்ந்ததும் வேலை முடிந்துவிடுகிறது என்பது ஒரு வகையில் நல்லதும்கூட. பின்னால் வருகிற தேனீக்கும் பொறிவண்டுக்கும் ஆபத்து குறைவு. மூச்சை அடைத்துக் கொல்வதால், பல ரசாயன மருந்துகளுக்குப் பழகிப்போன பூச்சிகள்கூட இதற்கு எளிதில் பழகுவதில்லை. எனக்கு எண்ணெயின் மேல் நம்பிக்கை வந்ததற்கு இந்த இரண்டும்தான் காரணம்.

எந்த எண்ணெய்?

எண்ணெயும் சோப்பும் கலந்து அடிப்பது புதிதில்லை. 1880களிலேயே அமெரிக்காவில் ஆரஞ்சுத் தோட்டங்களில் செதில் பூச்சிக்கு மண்ணெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து தெளித்தார்கள். பூச்சி சாகும், கூடவே இலையும் கருகும் அபாயம் இருந்தது. இலையைக் கருக்குவது எண்ணெயில் உள்ள நிறைவுறாத சேர்மங்களும் கந்தகக் கலப்பும்தான் என்று தெரிந்தபிறகு, அவற்றை நீக்கிச் சுத்திகரிக்கத் தொடங்கினார்கள். இன்று தோட்டக்கலை எண்ணெய் என்று வரும் கனிம எண்ணெய்கள் பெரும்பாலும் 92 சதவீதத்துக்கு மேல் சுத்திகரிக்கப்பட்டவை. அந்த எண் லேபிளில் இருந்தால் கட்டாயம் பாருங்கள். ஆவியாகும் வேகமும் முக்கியம். கனமான எண்ணெய் இலைமேல் நெடுநேரம் தங்கும். குளிர்காலத்தில் இலை உதிர்ந்து நிற்கும் மரங்களுக்கு அது பொருந்தும். இலையோடு இருக்கும் செடிக்கு லேசான எண்ணெய்தான் வேண்டும். வண்டிக்கு ஊற்றும் எண்ணெய், சமையலறையில் பொரித்து மிஞ்சிய எண்ணெய் இதெல்லாம் செடிக்கு ஆகாது. அவற்றில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

தாவர எண்ணெய்களில் வேப்பெண்ணெய் தனி ரகம். எண்ணெயாக மூச்சை அடைப்பது போக, அதில் அசாடிராக்டின் என்ற சேர்மமும் இருக்கிறது. அது பட்ட இலையைப் பூச்சி தின்னத் தயங்கும். தின்றாலும் தோலுரிக்கும் சுரப்பு குழம்பி அடுத்த பருவத்துக்குப் போக முடியாமல் சாகும். அந்த மூலக்கூறு எவ்வளவு சிக்கலானது என்றால், அதன் அமைப்பு 1985இல் தெளிவானபின் அதை ஆய்வகத்தில் முழுமையாக உருவாக்க 2007 வரை ஆனது. ஆனால் வெயிலில் நாலைந்து நாள்கூட அது தாங்காது, சிதைந்துவிடும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: வேப்பெண்ணெய் என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்றல்ல. செக்கில் ஆட்டிய பச்சை எண்ணெயில் அசாடிராக்டின் இருக்கும். அதைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சும் தெளிந்த எண்ணெயில் மிகக் குறைவு; அது மூச்சடைக்கும் எண்ணெயாக மட்டும் வேலை செய்யும். பச்சை எண்ணெயின் அடையாளம் நிறமும் வாசனையும்: பழுப்பு கலந்த மஞ்சள், பூண்டும் கந்தகமும் சேர்ந்த நெடி, கொஞ்சம் குளிர்ந்தாலே உறைந்துபோகும்.

வேப்பெண்ணெய் பூசணத்துக்கும் கேட்கும் என்பது காலங்காலமாகத் தெரிந்த விஷயம். அந்தப் பயன்பாட்டுக்கே 1994இல் ஐரோப்பியக் காப்புரிமை கொடுத்தார்கள். இது ஏற்கெனவே மக்கள் அறிந்ததுதான் என்று அதை எதிர்த்தவர்கள் வழக்காடி, 2000இல் ரத்து செய்ய வைத்தார்கள். 2005இல் மேல்முறையீடும் தள்ளுபடியானது. பாட்டில் திறக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வழக்கு நினைவுக்கு வரும், அதனால்தான் இங்கே எழுதினேன்.

செம்பருத்திக்கும் கத்தரிக்கும் வேப்பெண்ணெய், எலுமிச்சைக்கும் ரோஜாவுக்கும் சுத்திகரித்த கனிம எண்ணெய் என்று பிரித்துக்கொண்டேன்.

கலக்கும் வேலை

மொத்த வேலையில் நான் அதிக நேரம் செலவழித்தது இதில்தான். அவசரப்பட்டால் மற்ற எல்லாம் வீண். எண்ணெய் தண்ணீரில் கரையாது. தெளிப்பானுக்குள் எண்ணெயை ஊற்றிக் குலுக்கினால் ஒரு நிமிடத்தில் மேலே மிதக்கும். குழாய் அடியிலிருந்து உறிஞ்சுவதால் முதலில் வெறும் தண்ணீர் வரும், கடைசியில் கலப்பில்லாத எண்ணெய் வந்து ஏதாவது ஒரு கிளையைக் கருக்கும்.

லிட்டர் தண்ணீருக்கு வேப்பெண்ணெய் 5 மி.லி., திரவப் பொட்டாசியம் சோப்பு 2 மி.லி. என்பது என் தொடக்க அளவு. செடி நன்றாகத் தாங்கினால் எண்ணெயை 10 மி.லி. வரை கொண்டுபோவேன். 10 மி.லி. என்றால் 1 சதவீதம். கனிம எண்ணெயை இலையோடு இருக்கும் செடிக்கு 1 முதல் 2 சதவீதம் வரை சொல்வார்கள். நான் 1 சதவீதத்தில் நின்றேன். இலை உதிர்ந்து உறக்கத்தில் இருக்கும் மரத்துக்கு 3, 4 சதவீதம்கூடப் போகலாம். கடையில் வாங்கிய எண்ணெயில் அதைத் தண்ணீரோடு கலக்கவைக்கும் பொருள் ஏற்கெனவே சேர்ந்திருந்தால் சோப்பு தேவையில்லை. லேபிளில் போட்டிருக்கும் அளவு வேறாக இருந்தால் அதுதான் கணக்கு.

பாத்திரம் கழுவும் திரவத்தைப் பலர் சோப்பாகப் பயன்படுத்துகிறார்கள். பிசுக்கை நீக்குவதற்காகச் செய்தது அது. இலையின் மேலிருக்கும் மெழுகுப் பூச்சையும் நீக்கிவிடும். பொட்டாசியம் சோப்பு கிடைக்கிறபோது அந்த ஆபத்தை ஏன் வாங்க வேண்டும்?

தண்ணீரையும் பார்க்க வேண்டும். கிணற்றிலோ ஆழ்துளையிலோ வரும் கடினநீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைத் திரளாகப் படியும். சோப்பு அதிலேயே செலவாகிவிட்டால் எண்ணெய் பிரிந்துவிடும். பிடித்து வைத்த மழைநீர் இருந்தால் அதுவே சிறந்தது.

மூடியுள்ள ஒரு கண்ணாடிக் குப்பியில் கையளவு வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்தேன். முதலில் சோப்பு. அது முழுக்கக் கரைந்தபின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மூடி, நன்றாகக் குலுக்கினேன். முதல் குலுக்கலில் மஞ்சள் கண்கள் மேலே வந்து நின்றன. விடாமல் குலுக்கக் குலுக்க அவை சிறுத்து, மங்கி, குப்பி முழுவதும் மோர் நிறத்துக்கு வந்தது. அதை மேசையில் வைத்துக் காத்திருந்தேன். மேலே எண்ணெய் வளையம் கட்டினால் இன்னும் கொஞ்சம் சோப்பு வேண்டும் என்று பொருள். வளையம் கட்டாமல் வெளுப்பாகவே நின்றது. சரி, கலவை தயார். பிறகுதான் இதைத் தெளிப்பானில் ஊற்றி, மிச்சத் தண்ணீரைச் சேர்த்தேன். உறைந்த வேப்பெண்ணெயாக இருந்தால் பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தி இளக வைத்துவிட்டுத்தான் இதையெல்லாம் தொடங்க வேண்டும். அடுப்பில் வைக்காதீர்கள், சூட்டில் அசாடிராக்டின் சிதையும்.

கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். தண்ணீரில் விழுந்த அசாடிராக்டின் மெல்லச் சிதையத் தொடங்கும், கலவையும் பிரியும். நாளைக்கு என்று எடுத்து வைப்பதில் பயனில்லை. அதனால் குறைவாகக் கலந்து, போதாவிட்டால் மறுபடி கலப்பதுதான் என் வழக்கம்.

தெளிப்பதற்கு முன்

ஒவ்வொரு செடியிலும் ஒரு சின்னக் கிளையைத் தேர்ந்தெடுத்து, அதில் மட்டும் தெளித்து இரண்டு நாள் விட்டேன். இலை ஓரம் கருகினாலோ, எண்ணெய் ஊறியதுபோன்ற கரும்பச்சைத் திட்டு மறையாமல் நின்றாலோ, அந்தச் செடிக்கு அளவைக் குறைக்க வேண்டும் அல்லது விட்டுவிட வேண்டும். நான்கிலும் தடயம் இல்லை. பெரணிகளிலும், இலைமேல் நீலம் கலந்த வெண்பொடிப் பூச்சு உள்ள செடிகளிலும் நான் எண்ணெய் தெளிப்பதில்லை. அந்தப் பொடிப் பூச்சை எண்ணெய் கரைத்துவிடும், நிறம் திரும்பி வராது. ஜூனிபர், சிலவகை மேப்பிள், நீல ஸ்ப்ரூஸ் போன்ற மரங்கள் எண்ணெய் தாங்காதவை என்று பெயர் எடுத்தவை.

வாடிய செடிக்கு எண்ணெய் கூடாது. எண்ணெய்ப் படலம் இலைத்துளைகளையும் கொஞ்ச நேரம் மூடும். நீராவி வெளியேறுவது குறையும். வேரில் ஈரம் இல்லாமல் தவிக்கும் செடிக்கு அதுவே அதிகம். அதனால் முந்தின நாளே வேருக்கு நன்றாகத் தண்ணீர் விட்டேன்.

வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நேரத்தில் தெளிக்கக் கூடாது. ரொம்பக் குளிராக, 5 டிகிரிக்குக் கீழே இருந்தாலும் கலவை சீராகப் பரவாது. காற்று ஈரமாக, மூட்டமாக இருந்தால் படலம் காயாமல் இலைமேலேயே தங்கித் தீங்கு செய்யும். வெயில் சாய்ந்தபின், தேனீக்கள் பூவை விட்டுப் போனபின், காற்று அடங்கிய நேரத்தைத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். இலை இரவுக்குள் காயவும் வேண்டும் என்பதால் இருட்டும்வரை இழுக்க மாட்டேன்.

இதைவிட முக்கியமான ஒரு விஷயம் கந்தகம். ரோஜாவுக்கு முன்பு கந்தகத்தூளோ, தண்ணீரில் கலந்து அடிக்கும் நனையும் கந்தகமோ போட்டிருந்தால், குறைந்தது இரண்டு வாரம் கழித்துத்தான் எண்ணெய். சில லேபிள்கள் ஒரு மாதம் என்கின்றன. எண்ணெய் அடித்தபின் கந்தகம் போடவும் இதே இடைவெளிதான். இரண்டும் சேர்ந்தால் இலை கருகி உதிரும். கேப்டான் என்ற பூசணக்கொல்லியோடும் எண்ணெய் சேரக் கூடாது. இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்திருப்பவர்கள், கடைசியாக எதை எப்போது அடித்தோம் என்று தொட்டியிலேயே ஒரு சீட்டுக் கட்டிவைப்பது நல்லது. நான் அப்படித்தான் செய்கிறேன்.

செம்பருத்தி

முறுக்கிக்கொண்ட கொழுந்துகளை முதலில் வெட்டி எடுத்துவிட்டேன். அந்தக் கொத்துக்குள் எந்தத் தெளிப்பும் போகாது. வெட்டியதை அங்கேயே போடாமல் ஒரு பையில் போட்டுக் கட்டி அப்புறப்படுத்தினேன். மிச்சக் கிளைகளைத் தண்ணீர்க் குழாயால் அடித்துக் கழுவியதில் பாதிக்குமேல் பஞ்சு போய்விட்டது. அப்புறம்தான் எண்ணெய்.

தெளிப்பானின் நுனியைக் கீழிருந்து மேலாகத் திருப்பி, இலையின் அடிப்பக்கத்திலிருந்து தொடங்கினேன். இலைக்காம்பு தண்டோடு சேரும் கக்கம், பட்டை வெடித்த இடம், பூவின் காம்புக்கு அடியில் இருக்கும் குழிவு, இவைதான் மாவுப்பூச்சி ஒளியும் இடங்கள். இலையைப் புரட்டிப் புரட்டி, பளபளவென்று நனையும் வரை தெளித்து, சொட்டத் தொடங்குமுன் அடுத்ததற்கு நகர்ந்தேன். இடையிடையே தெளிப்பானைக் குலுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மேற்பக்கம் கடைசியில்தான்.

மறுநாள் காலை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கிளையில் ஒட்டியிருந்த மாவுப்பூச்சிகளின் வெள்ளை மாவு கரைந்து, அடியிலிருந்த இளஞ்சிவப்பு உடம்பு ஈரமாகத் தெரிந்தது. ஊசிமுனையால் தொட்டால் கால் அசையவில்லை. ஆனால் ஒரு பஞ்சுப்பொதியைக் கிழித்துப் பார்த்தபோது கதை வேறாக இருந்தது. வெளிப்பக்கம் எண்ணெயில் நனைந்து சுருங்கியிருந்தது; உள்ளே நடுவில் இருந்த முட்டைகள் நனையாமல் இளஞ்சிவப்பாக, வழுவழுவென்று இருந்தன. ஒரு பொதியில் சில நூறு முட்டைகள் இருக்கும். பொரிய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ஒரே தெளிப்பில் மாவுப்பூச்சி போகாததற்கு இதுதான் காரணம். பொரிந்து வெளியே வரும் குஞ்சுக்கு மேலே மாவும் கிடையாது, மெழுகும் கிடையாது; தூசியளவு உடம்போடு இடம் தேடி ஊர்ந்துகொண்டிருக்கும். எண்ணெய்க்கு அதைவிட நல்ல நேரம் இல்லை. ஆகவே ஒரு வாரம் விட்டு அடுத்த தெளிப்பு, இன்னொரு வாரம் விட்டு இன்னொன்று. மூன்றாவதுக்குப் பிறகு வந்த கொழுந்துகள் நேராக விரிந்தன.

இடையில் எறும்பைக் கட்டுப்படுத்தாமல் எதுவும் நிற்காது. மாவுப்பூச்சி, அசுவினி, செதில் பூச்சி எல்லாமே குடித்த சாற்றின் சர்க்கரையைத் தேன்துளியாக வெளியே விடும். அதற்காக எறும்புகள் அவற்றைக் காவல் காக்கும், பொறிவண்டையும் ஒட்டுண்ணிக் குளவியையும் விரட்டும். அடித்தண்டைச் சுற்றித் துணி கட்டி, அதன்மேல் பிசின் தடவி எறும்பின் வழியை மறித்தேன். பக்கத்துச் செடியின் கிளை இதைத் தொட்டுக்கொண்டிருந்தால் எறும்பு அந்தப் பாலத்தில் வந்துவிடும், அதையும் வெட்டினேன்.

ஒரு எச்சரிக்கை. இரண்டாம் தெளிப்புக்கு முன் பார்த்தபோது, மற்றவற்றைவிடப் பெரிதாக, நீண்ட வெள்ளை இழைகளோடு, வேகமாக நடக்கும் ஒன்று கண்ணில் பட்டது. மாவுப்பூச்சி இவ்வளவு வேகமாக நடக்காது. அது மாவுப்பூச்சியைத் தின்னும் ஆஸ்திரேலியப் பொறிவண்டின் இளம்புழு. 1891இல் கலிஃபோர்னியாவுக்கு இந்தக் காரியத்துக்காகவே கொண்டுபோன இனம் இது; இன்று பல நாடுகளில் வளர்த்து விடுகிறார்கள். எண்ணெய் அதையும் விட்டுவைக்காது. அந்தக் கிளையை அடையாளம் கட்டி, அதில் தெளிக்காமல் விட்டேன். வெள்ளையாகப் பார்த்ததையெல்லாம் நசுக்காதீர்கள், நடையைப் பாருங்கள்.

கத்தரி

வெளிறிய இலையைத் திருப்பினால் நரம்போரம் மெல்லிய நூல்வலை, அதற்குள் அசையும் புள்ளிகள். ஒரு வெள்ளைத் தாளின்மேல் இலையைத் தட்டினால் புள்ளிகள் தாளில் ஊர்வது தெரியும். சிலந்திப்பூச்சிக்குச் சூடும் வறட்சியும் பிடிக்கும். நல்ல வெப்பத்தில் ஒரு வாரத்துக்குள்ளேயே முட்டையிலிருந்து முதிர்ந்த பருவத்துக்கு வந்துவிடும். அதனால் இதற்கு வார இடைவெளி போதாது, ஐந்து நாளுக்கு ஒருமுறை தெளித்தேன்.

கத்தரி இலையின் அடிப்பக்கம் முழுக்க மயிர். துளிகள் அந்த மயிர்மேல் நின்றுவிட்டால் பூச்சியைத் தொடாது. முதலில் தண்ணீரைப் பீய்ச்சி வலையை அறுத்தேன். பிறகு தெளிப்பானின் நுனியை நெருக்கமாக வைத்து, மெல்லிய துளியாக, இலை அடி முழுக்க இறங்கும்படி நிதானமாகத் தெளித்தேன். கையால் ஒவ்வொரு இலையாகப் பிடித்துச் செய்யவேண்டிய வேலை. சில செடிகள் என்றால் செய்யலாம். பெரிய பாத்தி என்றால் விசைத்தெளிப்பான் இல்லாமல் முடியாது. அடி இலைகளில் ரொம்ப வெளிறியவற்றைக் கிள்ளி எறிந்தது பாதி வேலையைக் குறைத்தது. புது இலைகள் பச்சையாக வந்தன. பழைய வெளிறல் போகாது, அது செத்த திசு. அதைப் பார்த்து, கேட்கவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டிவிடக் கூடாது. தாளில் தட்டிப் பார்ப்பதுதான் சரியான சோதனை.

ரோஜா

சாம்பல் நோயில் எண்ணெய் இவ்வளவு நன்றாகக் கேட்பதற்குக் காரணம், அந்தப் பூசணம் வாழும் இடம். அதன் இழைகள் இலைக்கு மேலேயே படர்கின்றன. உறிஞ்சும் வேர்களை மட்டும் மேல்தோல் உயிரணுக்களுக்குள் இறக்கும். ஆகவே எண்ணெய் எட்டும். அடிச்சாம்பல் நோய் என்று பெயர் ஒத்திருக்கும் இன்னொன்று இலைக்குள்ளேயே வளர்வது. அதற்கு எண்ணெய் அடித்துப் பலன் இருக்காது. இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி உண்டு. மேற்பரப்பில் விரலால் துடைத்தால் வரும் வெண்பொடி முதலாவது. மேலே மஞ்சள் திட்டும் அதற்கு நேர் அடியில் மங்கலான வளர்ச்சியும் இருந்தால் இரண்டாவது.

நான் தெளித்தது நோய் தொடங்கிய கட்டத்தில், நான்கைந்து துளிர்களில் மட்டும் இருந்தபோது. சில நாளில் வெண்பொடி பழுப்பாகி மங்கியது, புதுத் துளிரில் வரவில்லை. மொட்டுகளின்மேல் நேராக அடிப்பதைத் தவிர்த்தேன்; விரிந்த இதழில் எண்ணெய் பட்டால் கறை விழும். எண்ணெயோடு சமையல் சோடா சேர்த்து ரோஜாவின் சாம்பல் நோய்க்கும் கரும்புள்ளி நோய்க்கும் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சோதித்து, 1992இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சேர்த்து அடிப்பது நல்ல பலன் தந்தது. சோடாவில் உள்ள சோடியம் தொட்டி மண்ணில் சேர்ந்துகொண்டே போகும் என்பதால் நான் அதைச் சேர்க்கவில்லை. தொட்டிச் செடிக்கு எண்ணெய் மட்டும் போதும் என்பது என் கருத்து. செடியின் நடுவில் அடைந்திருந்த கிளைகளைக் கவாத்து செய்து காற்றுப் போக வழிவிட்டதும் உதவியது.

எலுமிச்சை

பழுப்பு மேடுகள் ஒவ்வொன்றும் ஒரு செதில் பூச்சி. ஓட்டுக்குக் கீழே பெண்பூச்சி இடம் மாறாமல் சாறு குடித்துக்கொண்டிருக்கும். கீழ் இலைகளின் கறுப்பு, தேன்துளி விழுந்த இடத்தில் வளர்ந்த கரும்பூசணம். அது இலையைத் தின்பதில்லை, வெளிச்சத்தை மறைக்கும், அவ்வளவுதான். எண்ணெய் அடித்த சில வாரத்தில் அந்தக் கறுப்புக் காய்ந்து தோலாக உரிந்தது.

ஓட்டுக்குள் இருக்கும் முதிர்ந்த பூச்சியைக் கொல்வது கஷ்டம். பழைய பல்துலக்கியைச் சோப்புத் தண்ணீரில் தோய்த்து, பெரிய கிளைகளில் இருந்ததைத் தேய்த்து எடுத்தேன். மற்றதற்கு எண்ணெய். தெளித்தபின் செதில்கள் விழுந்துவிடாது, செத்தாலும் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். நகத்தால் சுரண்டிப் பார்க்க வேண்டும்: ஈரமாக மஞ்சள் நீர் வந்தால் உயிரோடிருக்கிறது, பொருக்காக உதிர்ந்தால் செத்தது. முதல் தெளிப்புக்குப் பின் இரண்டும் கலந்தே இருந்தன.

எண்ணெய்க்குக் கேட்காதவையும் இந்தத் தோட்டத்திலேயே இருந்தன. எலுமிச்சை இலையைத் தின்னும் பச்சைப்புழு, எண்ணெயில் நனைந்தும் சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தது. அதைக் கையால் பிடித்து எடுப்பதே மேல். இலைத்தோலுக்குள் சுரங்கம் போடும் புழுவையும் எண்ணெய் எட்டாது. இலைமேல் முன்கூட்டியே படலம் இருந்தால் தாய்ப்பூச்சி முட்டையிடத் தயங்கும், அந்த மட்டில்தான் பலன். பூமொட்டுக்குள் ஒளியும் இலைப்பேனும் அப்படியே.

ஆனால் அசுவினி விஷயத்தில் இன்னொரு பலன் இருக்கிறது. உருளைக்கிழங்கின் ஒய் வைரஸை அசுவினி ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்துவதை எண்ணெய்ப் பூச்சு தடுக்கிறது என்று 1962இலேயே காட்டினார்கள். ஊசிவாயின் நுனியில் ஒட்டிவரும் வைரஸுக்கு இது பொருந்தும். விதைக் கிழங்கு வயல்களில் இன்றும் கனிம எண்ணெயை அதற்காகவே அடிக்கிறார்கள்.

வேலை முடிந்ததும் தெளிப்பானை உடனே கழுவினேன். முதலில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், அதை நாசில் வழியாகவே வெளியே விட்டு, பிறகு நல்ல தண்ணீர். எண்ணெய் உள்ளேயே காய்ந்தால் நாசில் அடைக்கும். சாதாரண ரப்பர் வாஷர் எண்ணெயில் ஊறி உப்பி, அழுத்தம் நிற்காது. மிச்சக் கரைசலைச் சாக்கடையிலோ குளத்திலோ ஊற்றக் கூடாது; மீன்களுக்கு ஆகாது. பக்கத்தில் மீன்தொட்டி இருந்தால் தெளிக்கும் முன்பே மூடிவிடுங்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டேன், ஏனென்றால் கீழிருந்து மேலாகத் தெளிக்கும்போது துளி முகத்திலேயே விழும். பச்சை வேப்பெண்ணெயைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். உள்ளே போனால் அவர்களுக்கு வலிப்புவரை கொண்டுபோகும்.

எலுமிச்சையில் வேலை இன்னும் முடியவில்லை. பாதித்த கிளைகள் சிலவற்றில் இருபக்கமும் ஒட்டும் டேப்பைச் சுற்றியிருக்கிறேன். ஓட்டுக்கடியிலிருந்து குஞ்சுகள் வெளியேறி ஊரத் தொடங்கினால் அந்த டேப்பில் மஞ்சள் பொடியாக ஒட்டும். நேற்று லென்ஸில் பார்த்தபோது ஒரு கிளையில் மட்டும் நாலைந்து தெரிந்தன. எண்ணிக்கை கூடும்வரை தினமும் பார்த்துவிட்டு, கூடிய உடனே அடுத்த தெளிப்பு.